உள்ளுக்கு ஆர் இருந்தது?

ஐசே,

நேற்று கண் டாக்டரைப் பார்க்கக் கிள்ளானிலிருந்து ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். திரும்பும்போது ஒரு பலகாரக் கடையில் சூடாக லட்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். நெய்யும் ஏலக்காயும் கலந்த அந்த வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். "அங்கிள், ஒரு பெட்டி போடவா?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள். லட்டு சாப்பிடுவதை விட்டுவிட்டேன் என்றேன். இனிப்பு நீர் வியாதி என்று நினைத்திருப்பாள். காரணம் நீங்கள் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. ரயில்வே ஸ்டோர் ஆபீஸில் எதிரெதிர் மேசையில் இருபது வருடம் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் பிறந்த யாழ்ப்பாணத்துக்காரர். நான் பந்திங் தோட்டத்திலிருந்து வந்தவன், தாத்தா வழியில் தமிழ்நாடு. யாரைப் பார்த்தாலும் உங்களுக்கு 'ஐசே'தான். நாளடைவில் நானும் உங்களை அப்படியே கூப்பிடத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்தில் கட்டிக்கொடுத்த அக்கா ஒருவர் உங்களுக்கு இருந்தார். எனக்கு இந்தியாவில் ஒரு சொந்தம்கூடக் கிடையாது. ஆனாலும் இந்தியாவை யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வருவது எனக்குத்தான்.

இலங்கையில் கலவரம் வெடித்த பிறகு நம் ஆபீஸில் தமிழ் கிளார்க்குகள் எல்லோருமே தளபதிகள் ஆகிவிட்டோம். போல்ட்டும் நட்டும் எண்ணுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் யுத்தம்தான். எண்பத்தேழில் ஒரு நாள், கொழும்பு பஸ் நிலையத்தில் குண்டு வெடித்த செய்தி வந்தது. நான் பேப்பரை மேசையில் தட்டி, "குடுத்தாங்க பாருங்க! நல்லா வேணும்லா அவனுங்களுக்கு!" என்றேன். நீங்கள் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"பஸ்ஸுக்கு உள்ளுக்கு ஆர் இருந்தது, ஐசே?"

"யாரா இருந்தா என்ன?"

"சும்மா கேட்டனான். வேலை முடிஞ்சு வீட்டை போற சனமாத்தான் இருக்கும். எங்களை மாதிரி."

"உங்க ஊரு ஆளுங்களுக்காகத்தான் நான் இங்க கத்துறேன். நீங்க என்னடான்னா அவனுங்களுக்குப் பரிஞ்சு பேசுறீங்க!"

நீங்கள் பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டு ஃபைலைத் திறந்தீர்கள். உங்களுக்கு இனப்பற்றே இல்லை என்று பின்னால் நான் மற்றவர்களிடம் சொல்லித் திரிந்தேன்.

அதே வருடம் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் போய் இறங்கியது. இப்போது உங்கள் முறை வந்தது. இரண்டு பெட்டி லட்டு வாங்கிவந்து மேசை மேசையாகக் கொடுத்தீர்கள். நம் மலாய் சூப்பர்வைசர், "ஹரி ஜாடியா?" என்று கேட்டார். பிறந்த நாள் மாதிரிதான் என்று சிரித்தீர்கள். "இனிப் பயமில்லை, ஐசே. உம்மட ஆமி வந்திட்டுது. அக்கா நிம்மதியாய்ப் படுப்பா" என்று என் கையில் இரண்டாக வைத்தீர்கள். உம்மட ஆமி! எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. காக்க வந்த இராணுவத்துக்கும் அங்கிருந்த இயக்கப் பொடியன்களுக்கும் சண்டை மூண்டது. நெடுநாள் கழித்து உங்கள் அக்காவின் கடிதம் வந்தது. படித்துவிட்டு அதை டிராயரில் வைத்துப் பூட்டினீர்கள். வீட்டின் மேல் ஒரு ஷெல் விழுந்ததாம். நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"யாரு போட்ட ஷெல்?"

"அதை எழுதேல்லை. உள்ளுக்கு அத்தானும் ரெண்டு பிள்ளையளும் இருந்தவை."

யார் போட்டது என்று எழுதவில்லை என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடி, "லட்டு குடுத்தது பிழை, ஐசே. ஒரு ஆமி வெளிக்கிடுறதுக்கு ஆராவது இனிப்புக் குடுப்பினமோ?" என்றீர்கள். அன்றோடு எனக்கும் லட்டு இறங்குவதில்லை.

இவ்வளவையும் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. தொண்ணூற்றொன்றில், அந்த இராணுவத்தை அனுப்பிய தலைவரைத் தமிழ்நாட்டில் குண்டு வைத்துக் கொன்றார்கள். செய்தி வந்த காலை, செய்தது யார் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி, "உங்க ஆளுங்க சாதிச்சிட்டாங்க. இப்ப திருப்தியா?" என்றேன். நீங்கள் பேனாவை மூடினீர்கள். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். வீட்டில் போய்க் கொண்டாடட்டும் என்று அதற்கும் ஒரு வார்த்தை சொன்னேன்.

மறுநாள் நான் இந்தியத் தூதரகத்துக்குப் போனேன். மாலை போட்ட படத்துக்கு முன்னால் இரங்கல் புத்தகம் இருந்தது. நீண்ட வரிசை. எழுத நாலு வரி மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். யார் யார் வந்தார்கள் என்று பார்க்க முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். ஆங்கில வரிகளுக்கு நடுவே தமிழில் ஒரு வரி. வருடக்கணக்காக எதிர் மேசையில் பார்த்த கையெழுத்து, முந்தின நாள் தேதி.

'அவருக்கும், அவருக்குப் பக்கத்தில் நின்று செத்த, எனக்குப் பெயர் தெரியாத எல்லோருக்கும்.'

அவர் பக்கத்தில் யாரும் நின்றிருப்பார்கள் என்றே நான் யோசித்திருக்கவில்லை. பின்னால் நின்றவர், "அண்ணே, சீக்கிரம்லா" என்றார். மனப்பாடம் செய்த நாலு வரியும் வரவில்லை. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்தேன்.

ஆபீஸுக்குத் திரும்பியபோது என் தேநீர் ஆறிவிடாமல் தட்டு போட்டு மூடி வைத்திருந்தீர்கள். நான் உட்கார்ந்தேன். கிள்ளானுக்கு அனுப்ப வேண்டிய போல்ட் பெட்டிகளைப் பற்றிப் பேசினோம். ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒரு தடவை இலைச் சாப்பாட்டுக்குச் சந்தித்தோம். அந்தக் காலையைப் பற்றி நீங்களும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உங்கள் சாவு வீட்டில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நீங்கள் ஃபைல் கட்டுகிற அழகைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினேன்.

இப்போதும் டிவியில் எங்கேயாவது குண்டு விழுகிறது. என் மகன் ஒரு நாட்டின் பக்கம், மருமகன் இன்னொரு நாட்டின் பக்கம். என்னையும் கேட்கிறார்கள். உள்ளே யார் இருந்தது என்று கேட்கிறேன். கிழவனுக்குக் காது மந்தம், கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று என்று சிரிக்கிறார்கள்.

அந்த வரியை நான் பார்த்தேன், ஐசே. தட்டு போட்டு மூடிய தேநீரை எடுத்துக் குடிப்பதற்கு முன்னால் அதைச் சொல்லி உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் குடித்துவிட்டேன்.