கயிற்றைப் பிடித்திருப்பவர்

அண்ணா,

இன்று மேசையைத் துடைக்கும்போது உங்கள் இரும்புக் குண்டு விரலில் தட்டுப்பட்டது. நீங்கள் வேலை பார்த்த, போர்வெல் போடும் ரிக் வண்டியின் துளைமுனையிலிருந்து தேய்ந்து கழன்றது. விளையாட்டில் இதுதான் என் ஆள் என்று முதல் நாளே கொண்டுவந்து வைத்தீர்கள். மேசைமேல் விரித்த நம் ஆட்ட வரைபடத்தில் கிணற்று வாயருகே, நீங்கள் கடைசியாக நகர்த்திய கட்டத்திலேயே இருக்கிறது. அதைத் தூக்க மனம் வராமல் ஒவ்வொரு ஞாயிறும் சுற்றிச் சுற்றித் துடைக்கிறேன். எரிச்சலாக வருகிறது.

ராசிபுரத்தில் செந்திலின் செல்போன் கடை மாடியில் நீங்கள், நான், செந்தில், கவிதா என நான்கு பேரும் இந்தக் கதை விளையாட்டை ஆடத் தொடங்கியபோது என்னிடம் இருந்தது வெளிநாட்டுக் கதைக்களம். பனிமலை, கோட்டை, டிராகன். நான் கதையை நடத்த, நீங்கள் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேச வேண்டும். இரண்டாம் வாரமே பகடையைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"பனியில கால் வெச்சா என்னாகுமுன்னே எனக்குத் தெரியாதுங்க அம்மணி. ஆயிரம் அடிக்குக் கீழ என்ன இருக்குமுன்னு கேளுங்க, சொல்றேன்."

அப்படித்தான் மழை பொய்த்த நம் நாடும், வற்றிய கிணற்றின் அடியில் ஒரு நகரமும் உண்டாயின.

விதிகளில்தான் நமக்கு ஓயாத சண்டை. பூட்டைத் திறக்க, பொய் சொல்ல, சுவரேற என்று எனக்கு எல்லாவற்றுக்கும் பகடை விழ வேண்டும். நீங்கள் கேட்டது ஒரே ஒரு விதி. "ஆள் வராத அன்னிக்கு அவன் பாத்திரத்தைக் கொல்லக் கூடாதுங்க." வண்டியோடு வடக்கே போனால் நீங்கள் திரும்ப மாதக்கணக்காகும், விதி யாருக்காக என்று புரிந்தது. தன் பாத்திரம் சாகுமென்று பயந்தவன் வராமலே இருந்துகொள்வானே என்றேன்.

"வராம எத்தன நாளைக்கு இருப்பான்? சலிச்சுப்போயி அவனே வருவான்" என்று சிரித்தீர்கள்.

கடைசி ஆட்டத்தில், மற்ற இருவரின் ஆட்களும் கிணற்றில் இறங்குவதற்காக உங்கள் ஆள் மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். "மிச்சத்த வந்து பாத்துக்கலாமுங்க" என்று எழுந்து வண்டியோடு வடக்கே போனீர்கள். போன இடத்தில் மாரடைப்பு.

அதிலிருந்து ஆட்டம் கிணற்று வாயிலேயே நிற்கிறது. கதையிலிருந்து உங்களை எப்படி அனுப்பிவைப்பது? பாம்பு கடிக்கட்டும் என்றால் உங்கள் விதி மறிக்கிறது. வேறு ஊருக்குப் போனார் என்றால், கயிற்றைப் போட்டுவிட்டுப் போகிற ஆளா நீங்கள்? போன வாரம் செந்தில், வேறு ஆட்டம் தொடங்கலாமா என்று மெல்லக் கேட்டான். இன்னொரு ஞாயிறும் இப்படியே போனால் அவன் வரமாட்டான். நாம் சேர்ந்து உண்டாக்கிய நாடும் அவ்வளவுதான்.

இன்று கவிதாதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணன் வரலீங்கல்ல? அப்ப அவரு சாக முடியாது. சாகாத ஆளு கயித்த உடமாட்டாரு. நான் எறங்கறேன்."

செந்தில் நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டான். பிறகு, "நானும்" என்றான்.

கயிறு தாங்குமா என்று பகடை உருட்டச் சொல்வது என் வழக்கம். இன்று சொல்லவில்லை. இருவரும் இறங்கி, கீழே விளக்கெரியும் தெருவில் நிற்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தும் என்னால் உட்கார முடியவில்லை. இறங்கியவர்கள் ஒருநாள் மேலேறி வருவார்கள். வந்ததும் உங்கள் ஆளிடம்தான் முதலில் பேசுவார்கள். ஆள் இல்லாத பாத்திரத்துக்காகக் கதை நடத்துகிறவள்தான் பேசியாக வேண்டும். அன்றைக்கு உங்கள் குரலில் என்ன சொல்வது என்று இந்தக் கூடத்தில் நடந்துகொண்டே இருக்கிறேன். "வந்துட்டீங்களா அம்மணி" என்பது வரைதான் வருகிறது.