அண்ணன் ஓட்டினால் சாகாத பேட்டரி

ஜனவரி 9, செவ்வாய்

இன்றும் கார் செத்தது. சந்தை வாசலில், மீன் விற்பவர்கள் அத்தனை பேரும் பார்க்க. உவெலீசே அண்ணன் துறைமுக வேலையைப் பாதியில் விட்டு, நண்பனின் லாரியோடு வந்தான். இரண்டு பேட்டரிகளையும் ஒயரால் இணைத்து, சாவியைத் திருப்பி, இன்ஜின் அலறும்வரை மிதித்தான்.

"பார்த்தியா? என்னைக் கண்டதும் எழுந்து உக்காருது."

வீடு வரை ஒரு தும்மல்கூட இல்லை.

நான் ஓட்டினால் சாகிறது. அவன் ஓட்டினால் ஓடுகிறது. இது மூன்றாவது முறை. பேட்டரி இரண்டாவது.

ஜனவரி 10, புதன்

பெரியப்பா குடும்பத்தைக் கூட்டினார். பொருள்: காரும் நானும்.

பெரியம்மா சொன்னாள், "நீ பயந்துக்கிட்டே சாவியைத் திருப்புற. அதுக்கும் பயம் ஒட்டிக்குது."

"பயமா?" என்றான் அண்ணன். "இவ போற வேகத்துக்குப் பின்னாடி வர்ற பன்னி ஹாரன் அடிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

குடும்பத்தின் தலைவர் பட்டம் பெரியப்பாவிடம். அவர் வாய் மூடினால் பேச்சு முடிந்தது. மூடுவதற்கு முன் சொன்னார்: "இனிமே சாவி உவெலீசேகிட்ட. வண்டிக்கு உன்மேல நம்பிக்கை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

29ஆம் தேதி பள்ளி திறக்கிறது. என் முதல் வேலை, மலைக்கு அந்தப் பக்கம், தீவின் தெற்குக் கரையில். எங்கள் ஊர் பஸ் தலைநகர் அப்பியாவுக்குத்தான் போகும், மலை ஏறாது. முதல் நாள் வராதவரின் இடம் பட்டியலில் அடுத்த ஆளுக்கு என்று தலைமையாசிரியர் எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்.

இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். "சரி, பெரியப்பா" என்றேன்.

இந்த வீட்டின் முதல் கல்லூரிப் பட்டம் என்னுடையது. இயற்பியல். சான்றிதழுக்குச் சிப்பி மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், இறந்துபோனவர் படம் மாதிரி.

ஜனவரி 12, வெள்ளி

பேட்டரிக்குப் பயம் ஒட்டுமா? எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

ஜனவரி 13, சனி

எதிர்வீட்டு ரேடியோ ரிப்பேர்காரரிடம் வோல்ட் மீட்டர் இரவல் வாங்கினேன். "பட்டம் வாங்கின பொண்ணு, இது எதுக்கு?" என்றார். மீட்டரைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு வந்துவிட்டேன். திருடினவள் மாதிரி.

அண்ணனிடம் சாவி போட மட்டும் கெஞ்சினேன். இன்ஜின் நின்றிருக்கும்போது பேட்டரியில் 12.4 வோல்ட். ஓடும்போது ஏற வேண்டும். ஆனால் 12.1. அப்படியென்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டிய ஆல்டர்னேட்டர் சுற்றுகிறது, மின்சாரம் மட்டும் தரவில்லை.

"போதுமா? எனக்கு ரக்பி இருக்கு" என்று அண்ணன் வழக்கம்போல் ஒரு மிதி மிதித்தான். மீட்டர் 14.1க்குத் தாவியது. காலை எடுத்த பிறகும் இறங்கவே இல்லை!

காருக்கு என்னைப் பிடிக்காமல் இல்லை. நான் மிதிக்காததுதான் குறை.

ஒவ்வொரு காலையும் ஒரு மிதி மிதித்தால் தீர்ந்தது. ஆனால் அதற்குச் சாவி வேண்டும். சாவிக்குப் பெரியப்பா வேண்டும். பெரியப்பாவிடம் என்ன சொல்வது — ஏன் மிதிக்க வேண்டும் என்று எனக்கே தெரியாதே?

ஜனவரி 16, செவ்வாய்

தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

காரின் கையேடு ஜப்பான் மொழியில் இருக்கிறது. படங்களை மட்டும் பார்த்தேன். சாவியைத் திருப்பியதும், இன்ஜின் ஓடும் முன், பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அண்ணன் கிளப்பும்போது பார்த்தேன், நம் காரில் மற்ற விளக்கெல்லாம் எரிகிறது, அது மட்டும் இல்லை. விளக்குப் பலகையைக் கழற்றிப் பார்த்தால் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

பெரியம்மாவிடம் கேட்டேன். டாரோக் கிழங்கைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். நவம்பரில் போதகரைத் துக்க வீட்டுக்கு ஏற்றிப்போகும்போது மழையில் அந்த விளக்கு எரிந்திருக்கிறது. "போதகர் முன்னாடி பேய் முழிக்கிற மாதிரி முழிச்சுது. உங்க பெரியப்பாவுக்கு மானம் போச்சு." மறுநாள் அண்ணன் தொங்கிக் கிடந்த ஆல்டர்னேட்டர் பெல்ட்டை மாற்றினான். அதோடு கோளாறு தீர்ந்திருக்கும். ஆனால் பெரியப்பா இடுக்கியை எடுத்துப் பல்பையும் பிடுங்கிவிட்டார்.

"அன்னையிலேருந்து தொல்லையே இல்ல" என்றாள்.

அன்றிலிருந்துதான் தொல்லை! அந்தப் பல்பு வழியாகப் போகும் துளி மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. அது இல்லாவிட்டால் அண்ணன் மாதிரி அலறி எழுப்ப வேண்டும்.

இதை யார் சொல்வது? நானா? அவரிடமா?

ஜனவரி 18, வியாழன்

சொல்லவில்லை. அப்பியா போய், மொச்சைக்கொட்டை அளவு பல்பு ஒன்று வாங்கி, அண்ணன் தூங்கும் மதியத்தில் மாட்டி, அவன் சாவியை எடுத்துக் கிளப்பியும் பார்த்துவிட்டேன். மெதுவாக, மிதிக்காமல், 14.1. யாருக்கும் வருத்தமில்லை.

ஜனவரி 19, வெள்ளி

பெரியப்பா காரில் ஏறி உட்கார்ந்தார். அண்ணன் சாவியைத் திருப்பினான்.

"ஐயோ, மறுபடியும் முளைச்சிருக்கு!" என்றார் பெரியப்பா.

இடுக்கி. பல்பு கடலுக்குப் போனது.

ஜனவரி 21, ஞாயிறு

தேவாலயத்தில் முழு நேரமும் இதே யோசனை. பல்புக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரை ஒளித்து வைத்தால்? வெளிச்சம் வராது, மின்சாரம் போகும். ஆனால் நாளை நிஜமாகவே பெல்ட் அறுந்தால் மலை உச்சியில் எனக்கு யார் சொல்வது? அதுவும் இல்லாமல், சாவி அண்ணனிடம். எதை ஒளித்து வைத்தாலும் கடைசியில் பேசித்தான் ஆகவேண்டும்.

எட்டு நாள்.

ஜனவரி 24, புதன்

பேசிவிட்டேன்.

பெரியவர்கள் சாப்பிடும்போது நான் விசிறியோடு நின்று ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரியப்பா அண்ணனைக் கேட்டார், "இவ வேலைக்கு என்ன பண்ணப் போறா?" என்னைக் கேட்கவில்லை. அதனால்தானோ என்னவோ, வாய் திறந்துகொண்டது.

"வண்டிய நான் கெடுக்கல. அந்தப் பல்பைப் பிடுங்கினதாலதான் பேட்டரி சாகுது."

"யாரு பிடுங்கினது?"

எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள்.

"நீங்கதான், பெரியப்பா."

அண்ணனுக்குப் புரையேறியது. நான் ஈயே இல்லாத இடத்தில் வேகமாக விசிறினேன். பிறகு நிறுத்த முடியவில்லை. பெல்ட், பல்பு, 14.1, தெற்குக் கரைப் பள்ளி, 29ஆம் தேதி — எல்லாம் கொட்டிவிட்டேன்.

பெரியப்பா கை கழுவிக்கொண்டு கேட்டார். "அப்போ உவெலீசே உன்னை மாதிரி ஓட்டினா, அவனுக்கும் சாகுமா?"

"சாகும்."

"வெள்ளிக்கிழமை பார்க்கலாம்."

ஜனவரி 26, வெள்ளி

மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். ஓட்டுவது அண்ணன், பக்கத்தில் பெரியப்பா, பின்னால் பெரியம்மா, மடியில் மீட்டரோடு நான். முகப்பு விளக்கு, மின்விசிறி, ரேடியோ, வைப்பர் எல்லாம் போடச் சொன்னேன். மழை இல்லை. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச் கிறீச் என்று அழுதது.

ஊர் ஒரு முனையிலிருந்து மறு முனை, திரும்பவும். அண்ணன் கால் துடித்தது. "ஒரே ஒரு மிதி, தங்கச்சி. தாங்க முடியல."

"மிதிச்சா தோத்தாச்சுன்னு அர்த்தம்" என்றார் பெரியப்பா. யார் தோற்றது என்று சொல்லவில்லை.

மூன்றாம் சுற்றில் பிள்ளைகள் பின்னாலேயே நடந்து வந்தார்கள். ஐந்தாம் சுற்றில் ஒரு கிழவி, "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் முந்திக்கொண்டு போனாள்.

11.6. 11.0. ரேடியோ கம்மியது. வைப்பர் பாதியில் நின்றது. போதகர் வீட்டு வாசலில் இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. சரியாக அந்த நொடியில் மாலைப் பிரார்த்தனைச் சங்கு ஊதினார்கள்.

சங்கு ஊதினால், பிரார்த்தனை முடிந்து மறு சங்கு ஊதும்வரை ஊரில் எதுவும் அசையக் கூடாது. அப்படியே உட்கார்ந்திருந்தோம். அதற்காகச் சாலையில் காவல் நிற்கும் இளைஞர்கள் எங்களைப் பாராட்டுவதுபோல் தலையசைத்தார்கள்.

இரண்டாம் சங்கு முடிந்ததும் போதகர் படியிறங்கி வந்தார். "நேரம் தவறாம நிறுத்தினீங்களே, அருமை."

"வண்டியே நின்னுடுச்சுங்க" என்றார் பெரியப்பா. பொய் இல்லை.

போதகரும் சேர்ந்துதான் வீடு வரை தள்ளினார். பெரியப்பா என் பக்கத்தில் தள்ளிக்கொண்டு வந்தார். பிறகு, "அந்தப் பல்பு எந்தக் கடையில?" என்றார்.

ஜனவரி 27, சனி

பெரியப்பாவே வாங்கி வந்தார். ஒன்று இல்லை, ஆறு. பேட்டரியைக் கடையில் சார்ஜ் போட்டு எடுத்து வந்தோம்.

ராத்திரிச் சாப்பாட்டில் அறிவித்தார்: அந்தச் சிவப்பு விளக்கு எச்சரிக்கை இல்லை, வண்டியின் பிரார்த்தனை. அது எரியும்போது உள்ளே இருப்பவர்கள் தலை குனிய வேண்டும். பிறகுதான் இன்ஜின்.

"இதை நான் நவம்பர்லயே யோசிச்சேன்" என்றார். எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். நானும்தான்.

சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 29, திங்கள்

வழியனுப்பப் பெரியப்பா ஜன்னலோரம் வந்து நின்றார். சாவியைத் திருப்பினேன். சிவப்பு. அவர் தலை குனிந்தார். சுருக்கமாகப் பிரார்த்திக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. நியூசிலாந்தில் இருக்கும் உறவுகள்வரை ஒருவர் விடாமல் போய்த் திரும்பும்வரை காத்திருந்து, பிறகுதான் கிளப்பினேன்.

மலை ஏறி இறங்கினேன். பள்ளிக்கு நான்கு நிமிடம் தாமதம். தலைமையாசிரியர் வாசலிலேயே நின்றிருந்தார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

"வண்டி ஜெபம் பண்ணிட்டிருந்துச்சு, சார்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஊரு நீ?" சொன்னேன். "ஓ," என்றார், எல்லாம் விளங்கிவிட்டதுபோல். "அறை மூணு."

நாற்பத்தொரு பிள்ளைகள். என் பெயரைச் சொல்லிப் பாடத்தைத் தொடங்கினேன். கடைசி வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"கேட்கல, மிஸ்."

மறுபடியும் சொன்னேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.