மூலையில் ஒரு சிவப்பு மணி

பிப்ரவரி 3, 2025

காலையில் ஜான்சி பத்து ஊசியில் நூல் கோத்துச் சோப்புக் கட்டியில் குத்தி வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைத்தாள். மருமகள் என்று ஒருத்தி இதற்காவது ஆகிறாளே. எனக்குப் பாசிமணி தெரிகிறது, ஊசிக் காதுதான் தெரிவதில்லை. படித்தது ஐந்தாவது. ஆனால் கட்டத்துக்கு ஒரு மணி என்று நோட்டில் எண்ணிப் போட்டு நான் பின்னிய வாட்ச் பட்டை எதுவும் இன்றுவரை கோணியதில்லை.

பிப்ரவரி 7

வெள்ளைக்காரிகளுக்கு என் பட்டைகளை விற்கும் குயிலாப்பாளையம் கடைக்காரி பவுலின் வந்தாள். நோட்டைப் புரட்டினாள். மயில், மாங்காய், அலை எல்லாவற்றையும் தாண்டிப் போய்க் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள். ஜான்சி எனக்குத் தெரியாமல் போட்டது. வெள்ளையாக உப்புப் பாத்திகள், மண் நிறத்தில் வரப்பு, ஒரு மூலையில் ஒற்றைச் சிவப்பு.

"ஆயா, இது யாரு போட்டது?"

"நான்தான்."

ஜான்சி டீ தம்ளரோடு நின்றாள்.

நாற்பது பட்டைக்கு ஆர்டர்!

பிப்ரவரி 8

"அந்தச் செவப்பு எங்கம்மா, அத்தே. செவப்புச் சேலையோடதான் உப்பளத்துல வுழுந்து செத்துச்சு" என்றாள்.

"உங்கம்மாவ வெள்ளக்காரி கையில கட்டிக்கினு ஊர் சுத்தட்டும், போ" என்றேன்.

சொல்லியிருக்க வேண்டாமோ? ஏன் வேண்டாம்? நோட்டு என்னுடையது. பென்சில் என்னுடையது. பதினோரு வருஷமாக இதற்குக் கண்ணைக் கொடுத்தவள் நான்.

பிப்ரவரி 10

லாரி ஓட்டும் மகனிடம் போனில் சொல்லிவிட்டேன். "ஒம் பொண்டாட்டி வூட்ல சும்மா குந்திக்கினு இருக்கா. உப்பளத்துக்கு அனுப்புடா." "நீ சொன்னா சரிம்மா" என்றான்.

பவுலின் வரும்போது இவள் இங்கே நிற்கக் கூடாது. அவ்வளவுதான்.

பிப்ரவரி 11

போனாள். பத்து ஊசி கோத்து வைத்துவிட்டே போனாள்.

மார்ச் 2

"தேங்கா எண்ணெ இருக்குதா அத்தே? கையெல்லாம் எரியுது."

பாட்டிலை எடுத்து என் பெட்டிக்குள் வைத்தேன். "உப்பு வார்றவளுங்க எல்லாம் எண்ணெயிலயா குளிக்கிறாளுங்க?"

மார்ச் 9

நாற்பதும் முடிந்தது. சிவப்பு ஒன்றுகூட வைக்கவில்லை, அந்த இடத்திலும் வெள்ளைதான். இப்போது இது என் டிசைன்.

ஜான்சி ஒரு பட்டையை எடுத்தாள். மூலையைத் தடவினாள். வைத்துவிட்டாள்.

மார்ச் 14

பவுலின் நாற்பதையும் கொண்டு வந்து பாயில் கொட்டினாள். "அந்தச் செவப்ப பாத்துத்தான ஆயா ஆர்டரே குடுத்தேன்? நீங்க போட்டத நீங்களே மறந்துட்டீங்களா?"

ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். பெரிய வேலையில்லை. மூலையில் இருக்கும் வெள்ளை மணியைக் குறட்டால் நசுக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிவப்பைத் தைத்தால் போதும். சாயங்காலத்துக்குள் நாற்பதிலும் நசுக்கி எடுத்துவிட்டேன்.

மார்ச் 15

சோப்பில் ஊசி இருந்தது. நூல் இல்லை.

"ஏன்டி கோக்கல?"

கையை நீட்டினாள். பத்து விரலும் வெடித்துச் சதை தெரிந்தது.

"கோத்துப் பாத்தேன் அத்தே. நூலு வெடிப்புல மாட்டுது. ரத்தமாவுது. வெள்ள மணிக்கு ஆவாதுல்ல?"

சிரித்தாளா? சிரித்த மாதிரிதான் இருந்தது.

மார்ச் 17

எண்ணெய் பாட்டிலை அவள் தலையணை பக்கத்தில் வைத்தேன். தொடவில்லை.

மார்ச் 19

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையைக் கூப்பிடலாம். "ஒம் மருமவ கைக்கு இன்னா ஆச்சு?" என்பாள். தெருவெல்லாம் சொல்வாள். வேண்டாம்.

காலையிலிருந்து ஒரே ஊசி. நூலை எச்சில் தொட்டு, முறுக்கி, வெயிலில் பிடித்து — ஒரு ஊசிகூட —

மார்ச் 21

பவுலின் வந்தாள். பட்டையோடு வைத்துக் கொடுக்க அட்டை அச்சடித்துக் கொண்டு வந்திருந்தாள். என் போட்டோ. கீழே 'வடிவமைத்தவர்: ஆராயி'. நன்றாகத்தான் இருந்தது.

பட்டைகளைப் பார்த்தாள். நாற்பதிலும் மூலையில் ஓட்டை.

"இன்னா ஆயா இது?"

கண் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "மருமவ கெடுத்துட்டா" என்றேன்.

அட்டைகளைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 22

நான் எழுந்திருக்கும் முன்பே ஜான்சி உப்பளத்துக்குப் போய்விட்டாள். சோப்புக் கட்டியைக் காணோம். நோட்டில் கடைசிப் பக்கத்தையும் காணோம்.

நோட்டின் மேல் பத்து ஊசியையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.

ஒன்றிலும் நூல் இல்லை.