கருந்துளை கண்ட ஓலைக்கு மை பூசுக

கதிர் தவறாது எழுக! கணக்குப் பொய்யாது வாழ்க! ஏழாற்று நாடாளும் அரசி ஆதிரைநல்லாள், வெண்குன்றத்துப் பேராடி மாடத்தில் வான் அளக்கும் கணியர் அவைக்கும், அதன் தலைவர் முதுகணி பொறையனார்க்கும் விடுக்கும் ஓலை. தங்கள் குன்றில் மழையும் மனையில் நலமும் நிறைக.

கணி வேண்மாளை மாடத்தினின்று நீக்கினீர் என்றும், அவர் எழுத்தாணியால் கீறிய ஓலைக்கு மை பூச மறுத்தீர் என்றும், வரும் முழுநிலவு நாளில் அதனைத் தீயிலிடப் போகிறீர் என்றும் அறிந்தோம். மை பூசாத ஓலையின் எழுத்துக் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அவை ஏற்காத கணக்கை அவ்வாறே வைத்திருந்து எரிப்பது நம் முன்னோர் வழக்கம். வழக்கத்தை யாம் பழிக்கவில்லை. ஆனால் இந்த ஓலையை எரிக்க விடமாட்டோம்.

அண்டம் பிறந்து எழுபது கோடி ஆண்டே ஆன காலத்தில் புறப்பட்ட ஒளி, இப்போதுதான் நம் மாடத்துப் பெருங்கண்ணாடியாம் பேராடியை வந்தடைந்தது. அதில் தெரிந்த சிறு விண்மீன் கூட்டத்தின் நடுவே, பத்துக் கோடி ஞாயிறுகளின் எடையுள்ள கருந்துளை இருப்பதாக வேண்மாள் கணித்தார். முளைத்து மூன்றிலை விடாத கூட்டத்துக்கு இத்துணைப் பெரிய வயிறா என்று அவை நகைத்ததாம். மாண்ட விண்மீனின் சிறு கருவிலிருந்து தொடங்கி, வளியை விழுங்கி இவ்வளவு வளர அக்காலம் போதாது என்றும், விரைந்து விழுங்கினால் அங்கு எழும் ஒளியே மேலும் வரும் வளியைத் தள்ளிவிடும் என்றும் தாங்கள் எழுதினீர். நன்று. அது சிறிதாய்ப் பிறந்தது என்று தங்களுக்கு யார் சொன்னார்?

பெரும் வளிமுகில் ஒன்று விண்மீனாகாமலே தன் எடையால் இடிந்து, நூறாயிரம் ஞாயிறுகளின் எடையோடு கருந்துளையாய்ப் பிறந்தது என்பது வேண்மாளின் துணிபு. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதை மாடம் ஏறியதும் மறந்தீரோ?

யாம் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முடி சூடுவதற்குப் பல்லாண்டு முன்பு, ஆறாண்டு அம்மாடத்தில் யாமும் கணியாயிருந்தோம். வேறோர் இளங்கூட்டத்தில் இதே போன்ற எடையைக் கண்டோம். தவறிவிட்டோம் என்று அஞ்சி, அவைமுன் வைக்காமலே அவ்வோலையைப் பேழையில் ஒளித்தோம். எம் கணக்கைப் பிறர் மறுக்கவில்லை, யாமே மறுத்தோம். வேண்மாளின் செய்தி கேட்டதும் அதனை எடுத்து மூன்று நாள் மீளக் கணித்தோம். எடை சரியே. இருபதாண்டு வாளாவிருந்தது வெட்கமாயிருக்கிறது. ஆனைக்கும் அடி சறுக்கும். அவைக்கும் அரசிக்கும் சறுக்கியது.

ஆதலின் ஆணை இது. இவ்வோலை கண்ட அன்றே வேண்மாளை அழைத்து, பேராடி மாடத்தின் திறவுகோலைத் தாங்களே அவர் கையில் கொடுக்க. அவர் ஓலைக்கு அவை காண மை பூசுக. எம் பழைய ஓலையையும் இதனுடன் கட்டி விடுத்துள்ளோம். அதில் பிழையுண்டோ என அவர் ஆராய்க. பிழை கண்டால் தீயிலிடுக. இல்லையேல் மை பூசித் தம் ஓலைக்குக் கீழே கோக்க.

ஆட்சியாண்டு ஒன்பது, ஆனித் திங்கள் பதினோராம் நாள், பேராடி உருப் பொறித்த இலச்சினை இட்டோம். இவ்வாணைக்கு எம் கையாலேயே மை பூசினோம். எம் பழைய ஓலைக்கு மட்டும் பூசவில்லை. அது வேண்மாளின் கைக்குக் காத்திருக்கிறது.