தோட்டா செருக இடம் வேண்டாம்

ஒர்லேயான் பக்கம், பிரான்சு
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு, கடைக்குத் துணி எடுக்க வந்தவர்கள் வரை கேட்க வைப்பீர்கள். படம் வேறு வரைந்து காட்ட வேண்டும். அதனால்தான் கடிதம்.

உங்கள் மாப்பிள்ளை வேட்டைக்குப் போகப் போகிறார்! சிரிக்காதீர்கள். குளிர் தொடங்கும்போது இங்கே பறவை வேட்டைக்கு அனுமதி கொடுத்துவிடுவார்கள். இவர் வேலை செய்கிற அட்டைப்பெட்டி கம்பெனி முதலாளிக்குப் புதரும் காடுமாகப் பெரிய இடம் இருக்கிறதாம். ஞாயிறுதோறும் அங்கே கௌதாரியும், ஃபெசான் என்று நீள வால் வைத்த கோழி மாதிரி ஒன்றும் சுடுவார்களாம். இவரையும் வரச் சொல்லியிருக்கிறார். போன வருஷம் வரை இவர் பேர்கூடத் தெரியாத முதலாளி அப்பா!

அதற்கு ஒரு ஜிலே வேண்டும். கையில்லாத கோட்டைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். கடைகளில் பார்த்தோம். மெல்லிசாக இருப்பது முள்ளில் கிழிந்துவிடும், கனமாக இருப்பது கட்டுப்படியாகாது. நம் தையல்கடை பச்சையப்பன் அண்ணனிடம் தைத்து அனுப்ப முடியுமா? நிறம் ஆரஞ்சு, ஆள் இருப்பது தூரத்திலேயே தெரிய வேண்டும். முதுகில் அகலமாக ஒரு பை, விழுந்த பறவைகளைப் போட. பாரம் அறுக்காமல் தோள்பட்டை நல்ல அகலம். தோட்டா செருக இடம் வேண்டாம் என்கிறார்.

அளவும் படமும் மறுபக்கத்தில்.

உங்கள் மகள்
சிந்து


வில்லியனூர்
16 செப்டம்பர் 2024

அன்பு மகள் சிந்துவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவுக்கு முட்டிவலி. கோயிலுக்குக் கிளம்பினால் மட்டும் வலி காணாமல் போய்விடுகிறது.

மாப்பிள்ளை முதலாளியோடு சரிசமமாக வேட்டைக்குப் போகிறார் என்று படித்ததும் பக்கத்துக் கடை டேனியலிடம் சொன்னேன். சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இப்போது வருகிறவன் போகிறவன் எல்லாம் "மாப்ள இன்னா சுட்டாரு?" என்று கேட்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜிலே ரெடி. கான்வாஸ் நானே பாண்டிக்குப் போய் எடுத்தேன். பச்சையப்பன் இரட்டைத் தையல் போட்டிருக்கிறான். முதுகுப் பைக்கு உள்ளே ரெக்சின் வைக்கச் சொன்னேன், ரத்தம் ஊறாது, துடைத்தால் போய்விடும்.

ஆனால் சிந்து, நான் துணிக்கடைக்காரன். கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்று அளவைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இது எனக்குப் பிடிபடவில்லை. சுடப் போகிறவருக்குத் தோட்டா வைக்க இடம் வேண்டாமா? துப்பாக்கி வாங்கினாரா? அதற்கு லைசென்ஸ் எங்கே? பேரே தெரியாத முதலாளி திடீரென்று ஏன் கூப்பிடுகிறான்? முதுகில் அவ்வளவு பெரிய பை வைத்து எதையாவது கடத்துகிறார்களா? தப்பாக எடுத்துக்கொள்ளாதே, மனதில் பட்டதைக் கேட்டேன்.

கூச்சப்பட்டு வேண்டாம் என்றிருப்பார் என்று நானே நெஞ்சுப் பக்கம் இரண்டு வரிசை தோட்டா வளையம் தைக்கச் சொல்லிவிட்டேன். வேட்டைக்காரர் என்றால் வேட்டைக்காரர் மாதிரி இருக்க வேண்டாமா?

பதிலைக் கடிதத்திலேயே எழுது. போனில் நீ பேசும்போது அவர் பக்கத்திலேயே இருக்கிறார்.

அப்பா
தெய்வசிகாமணி


ஒர்லேயான் பக்கம்
13 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. அளவு எடுத்து வைத்த மாதிரி இருக்கிறது. போட்டுப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அப்புறம்தான் நெஞ்சில் இருந்த வளையங்களைக் கவனித்தார். பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"நல்லாத்தானே இருக்குது, இன்னாத்துக்குப் பிரிக்கிறீங்க?" என்றேன்.

"அங்க எல்லாரும் பாப்பாங்க சிந்து" என்றார்.

பார்த்தால் என்ன?

உங்களைத் திட்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீங்கள் கேட்டதெல்லாம் என் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் துப்பாக்கி இல்லை. முதலாளி வீட்டில் இருக்கிறது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு போகிறார். திரும்பி வரும்போது தொண்டை கட்டிப் பேச்சே வருவதில்லை. வேட்டையில் கத்தினால் பறவை பறந்துவிடாதா? கையெல்லாம் முள் கீறல். வந்ததும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் குளிக்கப் போய்விடுகிறார். கொண்டுவருவது ஒரே ஒரு பறவை. "நீங்க சுட்டதா?" என்று கேட்டால் "சாப்பிடு" என்கிறார். அது பதிலா அப்பா?

நானும் வருகிறேன் என்றதற்கு, பொம்பளைகள் வரமாட்டார்கள் என்றார். எதிர்வீட்டு ரோஸ்லின் அக்கா காரைக்கால்காரர், இங்கே வெகுநாளாக இருப்பவர். யார் சொன்னது, நானே போய்ப் பார்த்திருக்கிறேன் என்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்லாதீர்கள், அம்மாவிடம்கூட.

உங்கள் மகள்
சிந்து


வில்லியனூர்
24 அக்டோபர் 2024

அன்பு மகள் சிந்துவுக்கு,

உன் கடிதம் படித்ததும் கடையை அடைத்துவிட்டேன். நான் சொன்னேனா இல்லையா? கடத்தல் இல்லை, இது வேறு. வந்ததும் வராததுமாக ஒருவன் ஏன் குளிக்க ஓடுகிறான்? உடம்பில் எதன் வாசனை இருக்கிறது? நாள் முழுக்க யாரோடு பேசித் தொண்டை கட்டுகிறது? அந்த ஒரு பறவையையும் வரும் வழியில் கடையில்தான் வாங்கியிருப்பார்.

யாரிடமும் சொல்லாதே என்றாய். தெருவில் மூச்சு விடவில்லை. பாகூருக்கு மட்டும் போனேன். பெற்றவர்களைக் கேட்காமல் யாரைக் கேட்பது? உன் மாமியார் தனியாக இருப்பார் என்று நினைத்தால், உன் நாத்தனார் ஜெயசித்ராவும் அவள் புருஷனும் வந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாய் நிற்கவில்லை. "உங்க புள்ள அங்க வேற குடும்பம் எதனா வச்சிருக்காரா?" என்று கேட்டுவிட்டேன்.

"இன்னா சம்பந்தி, வூடு தேடி வந்து குந்திக்கினு இன்னா பேச்சு பேசறீங்க? எங்க வூட்டுக்காரு பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. சொல்தா வூட்டுப் புள்ள மேல பழி போடறீங்களே!" என்று உன் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுதால் விட்டுவிடுவேனா? உங்கள் பிள்ளையையே கேட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.

நீ அழாதே. ரோஸ்லினைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னாலேயே போய்ப் பார். கையும் களவுமாகப் பிடித்தால்தான் நாளைக்கு நியாயம் பேச முடியும். நீ வந்துவிட்டாலும் உனக்கு வீடு இருக்கிறது, அதை மறக்காதே.

அப்பா


ஒர்லேயான் பக்கம்
11 நவம்பர் 2024

அப்பா,

நீங்கள் சொன்னபடி பின்னாலேயே போனேன். அதற்கு முதலில் என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

புதர்க்காட்டு ஓரம் ரோஸ்லின் அக்கா காரை நிறுத்தினார். ஒரு முனையில் முதலாளியும் அவர் சிநேகிதர்களும் துப்பாக்கியோடு நின்றிருந்தார்கள். அவர்கள் நெஞ்சில் தோட்டா வரிசை வரிசையாக இருந்தது. எதிர்முனையிலிருந்து சில ஆட்கள் தடியால் புதரைத் தட்டிக்கொண்டு, ஓ ஓ என்று கத்திக்கொண்டு, முள்ளுக்குள் நடந்து வந்தார்கள். சத்தத்துக்குப் பறவைகள் கிளம்பினால் இவர்கள் நின்ற இடத்திலிருந்து சுட வேண்டியதுதான். கத்திக்கொண்டு வந்த வரிசையில் நீங்கள் எடுத்துக் கொடுத்த துணி தெரிந்தது.

பறவை விழுந்த பக்கம் முதலாளி விரலைக் காட்டினார். இவர் ஓடினார். குனிந்து எடுத்து முதுகுப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்தவர் விரலைக் காட்டினார், அந்தப் பக்கம் ஓடினார். பை நிறைந்து முன்னால் சாய்ந்துதான் நடக்க முடிந்தது அவரால். கம்பெனியில் ஜூலையிலிருந்தே பாதி வேலைதானாம். எனக்குத் தெரியாது. இது ஞாயிற்றுக்கிழமைக் கூலி. ஒரு பறவை இனாம்.

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். வேலை முடியும்வரை பக்கத்தில் வரவில்லை. கார் வீட்டுக்குப் பாதி வழி வந்த பிறகுதான் அந்தக் கட்டின தொண்டையில் பேசினார். "மொத நாளே சொல்லிடலாம்னுதான் இருந்தேன் சிந்து. அதுக்குள்ள மாமா ஊரு பூரா பெருமையா சொல்லிட்டாரு. அதைக் கெடுக்க மனசு வரல."

பாகூரில் நீங்கள் பேசியது மறுநாளே அவருக்குத் தெரியும். அவர் அம்மா போன் செய்து அழுதிருக்கிறார். என்ன பதில் சொல்வார்? பொம்பளை இல்லை, புதர் தட்டுகிற கூலி என்றா? வாயை மூடிக்கொண்டு உங்கள் பழியைச் சுமந்தார்.

பாகூருக்குப் போங்கள். ஜெயசித்ரா அண்ணி எதிரில், அவர் புருஷன் எதிரில், சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டால் உங்கள் புத்தி அது என்று சொல்லுங்கள். அவர் செய்கிற வேலை மட்டும் யார் காதுக்கும் போகக் கூடாது.

இனி என்னிடம் எதையும் கேட்காதீர்கள் அப்பா. உங்கள் கேள்விகளைக் கேட்டுக் கேட்டு என் புருஷனை நான் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். ஒரு மாதம் அப்படிப் பார்த்தேன். அம்மா மட்டும் பேசுவதென்றால் போனை எடுப்பேன். உங்கள் குரல் கேட்டால் வைத்துவிடுவேன்.

சிந்து


வில்லியனூர்
22 நவம்பர் 2024

சிந்து,

பாகூருக்குப் போய்வந்தேன். ஜெயசித்ராவையும் அவள் புருஷனையும் வரவழைக்கச் சொல்லி, அவர்கள் வரும்வரை வாசலிலேயே நின்றேன். உள்ளே வாங்க என்று யாரும் சொல்லவில்லை, அது நியாயம்தான்.

நான் சொன்னது அத்தனையும் தப்பு, என் கோணல் புத்தி என்றேன். "அப்போ ஞாயித்துக்கிழம எங்கதான் போறான்?" என்று உன் மாமியார் கேட்டார். வேட்டைக்குத்தான் போகிறார் என்றேன். "துப்பாக்கி?" என்றான் ஜெயசித்ராவின் புருஷன். முதலாளி வீட்டில் இருக்கிறது, குறி தப்பாமல் சுடுகிறாராம் என்றேன். நூல் பிரித்துப் பார்க்காமல் எந்தத் துணியையும் நம்பாதவன் நான். கூசாமல் சொன்னேன்.

உன் மாமியார் அப்போதுதான் அழுகையை நிறுத்தினார். என்னைத் திட்டத் தொடங்கினார். கேட்டுக்கொண்டேன். அவர் பிள்ளைக்காகத் திட்டுகிறார். நான் என் பிள்ளைக்காகத்தானே இத்தனையும் செய்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

மாப்பிள்ளை என் பெருமைக்காக வாயை மூடிக்கொண்டார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை. தெருவில் யாராவது "மாப்ள இன்னா சுட்டாரு?" என்றால் கௌதாரி என்கிறேன். அப்படிச் சொல்லும்போது முன்பு மாதிரி இல்லை.

நேற்று நீ உன் அம்மாவோடு பேசியபோது நான் அந்த அறையில்தான் இருந்தேன். இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

எதையும் கேட்காதே என்றாய். சரி, கேட்க மாட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்பதும் அதில் சேர்த்திதானா, அதை மட்டும் உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பு.

அப்பா