சர்மிளாவின் 4.3

1 ஒக்டோபர் 2025, புதன்
பாடசாலையில் வாணி விழா. காலை ஆறு மணிக்கே போய் வாசலில் கோலம் போட்டது நான். இடுப்பு இன்னும் வலிக்கிறது. சர்மிளா எட்டு மணிக்கு வந்து அதைப் படம் எடுத்து ஆசிரியர் குழுவில் போட்டாள். "சர்மிளா டீச்சர் என்னமா எடுத்திருக்காங்க" என்று ஆளாளுக்குப் பாராட்டு. போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் என் போனைச் சதுரப் படத்துக்கு மாற்றி, கோலம் மட்டும் நிறைந்து நிற்க எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். பார்த்தவர்கள் பதினொரு பேர். அதில் அவளும் ஒருத்தி.

7, செவ்வாய்
பதினேழாம் திகதி பல்லேகலயில் பௌதிகவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பட்டறை. செலவில்லாத ஒரு செயன்முறையைச் செய்துகாட்ட எங்களில் ஒருவர் போக வேண்டும். பதினாறு வருடமாக உயர்தரத்துக்குப் படிப்பிக்கிற நான் இருக்க, நாவலப்பிட்டியிலிருந்து வந்து இரண்டே வருடமான சர்மிளாவை அனுப்புகிறார் பாடசாலை அதிபர்.

போன் கமராவின் குவியத் தூரத்தைக் கணிக்கப் போகிறாளாம். சுவரில் மீற்றர் கோல் இரண்டைத் தொடர்ச்சியாக ஒட்டி, ஒரு மீற்றர் தள்ளி நின்று படம் எடுக்கிறாள். அகலத்தில் 130 சென்ரிமீற்றர் விழுகிறது. உள்ளே இருக்கும் சென்சரின் அகலம் 5.6 மில்லிமீற்றர். அதைத் தூரத்தால் பெருக்கி 130 சென்ரிமீற்றரால் வகுத்தால் 4.3 மில்லிமீற்றர். அவ்வளவுதான். என்னிடமும் அதே போன்தான் இருக்கிறது. எனக்கு ஏன் தோன்றவில்லை? வயிறு எரிகிறது.

8, புதன்
அம்பிட்டியவில் என் வீட்டுச் சுவரில், அதே ஒரு மீற்றர் தள்ளி நின்று நானே செய்து பார்த்தேன். எனக்கு 97.5 சென்ரிமீற்றர்தான் விழுகிறது. குவியத் தூரம் 5.7. மூன்று முறையும் 5.7. அப்படியென்றால் அவள் விடை பிழை — எவ்வளவு சந்தோஷம் எனக்கு, வெட்கமே இல்லாமல்.

9, வியாழன்
அவளிடம் சொல்லாமல், என் 97.5, 5.7 கணக்கோடு நேரே அதிபரிடம் போனேன். "ஒரே போன் சேர், ரெண்டு விடை எப்படி வரும்?" அவர் கொஞ்சம் யோசித்து, "அப்ப நீங்களே போங்க டீச்சர்" என்றார்.

சர்மிளா சண்டை போடவில்லை. "நீங்க எடுத்த படத்தக் காட்டுறீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். வகுப்பு இருக்கிறது என்று வந்துவிட்டேன். வகுப்பு இருக்கவில்லை.

12, ஞாயிறு
நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. படம் எடுக்க எல்லோரையும் நெருக்கி நிற்க வைத்தும் இடம் போதவில்லை. என் வீட்டுக்காரர் போனை வாங்கிப் பார்த்தார். "என்னா பரிமளம், சதுரத்துல வச்சுக்கிட்டு எங்கள ஏன் நெருக்குற?"

கோலத்துக்காக மாற்றியதை நான் திருப்பி வைக்கவே இல்லை. சதுரத்தில் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். சென்சரில் மிஞ்சுவது 4.2 மில்லிமீற்றர். நானோ 5.6 என்றே போட்டிருக்கிறேன். 4.2 போட்டுக் கணித்தால் — 4.3. அவளுடைய 4.3.

13, திங்கள்
சொல்லவில்லை.

14, செவ்வாய்
இன்றும் சொல்லவில்லை. யாருக்குத் தெரியப் போகிறது?

15, புதன்
ஆய்வுகூடத்தில் அவள் தனியாக இருந்தபோது சொல்லிவிட்டேன்.

"தெரியும் டீச்சர். 97.5ன்னு சேர் சொன்னப்பவே உங்க ஸ்டேட்டஸ்ல இருந்த சதுரக் கோலம் ஞாபகம் வந்துச்சு. நீங்களே பாத்துச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

இத்தனை நாளும் தெரிந்துகொண்டு, அதிபரிடம் ஒரு வார்த்தை விடவில்லை. நானாக இருந்தால் அன்றைக்கே போய் நின்றிருப்பேன். போய் நின்றவள்தானே நான். கணக்கில் அவள் கெட்டிக்காரி என்றால் பொறுத்துக்கொள்ளலாம், குணத்திலுமா?

பிறகு அதிபரிடம் போய் என் பிழை என்று சொன்னேன்.

17, வெள்ளி
சர்மிளா பல்லேகல போனாள். மீற்றர் கோல்களைப் பஸ் வரை நான்தான் தூக்கிப் போனேன். மீற்றர் கோலை நான் சதுரமாக எடுத்த படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டாள், எல்லோரும் விடக்கூடிய பிழை என்று காட்டவாம். "உங்க பேரச் சொல்லவா டீச்சர்?" என்றாள். சொல்லு என்றேன்.

பஸ் ஏறுமுன் அவளைப் படம் எடுத்தேன். சதுரத்தை மாற்றிவிட்டுத்தான். கோல்களோடு முழுதாக விழுந்திருக்கிறாள். அழகாகத்தான் இருக்கிறாள். அதுவும் கொஞ்சம் எரிகிறது.