மூன்றாம் புட்டி

பர்கண்டி,
மார்ச் 2, 1970

என் அருமைத் தம்பி எமெரிக்,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. புத்தாண்டுக்கு நீ வந்திருந்தபோது நம் இருவரையும் படுக்கப் போட்டதே ஒரு காய்ச்சல், அது போகும்போது என் மூக்கையும் கொண்டு போய்விட்டது. காபி வெறும் வெந்நீராக இருக்கிறது. நேற்று வெங்காயம் கருகியதுகூட, புகை கண்ணில் பட்ட பிறகுதான் தெரிந்தது. பீப்பாயின் மேல் குனிந்தால் தண்ணீர்த் தொட்டியை முகர்வது போலிருக்கிறது.

லூசியானிடம் இன்னும் சொல்லவில்லை. உன் அத்தான் பதறினால் ஊரே பதறும், உனக்குத் தெரியாதா? ஈஸ்டர் முடிந்ததும் போன வருட ஒயினைக் கலந்து புட்டியில் அடைக்க வேண்டும். ஒரு கெட்ட பீப்பாய் அதில் சேர்ந்தாலும் வருடம் முழுதும் பாழ், வீட்டின் பெயரும் பாழ். இதற்கு நடுவில் பதினான்காம் தேதி நீ அனுப்பும் வாடிக்கையாளர் கூட்டம் ருசி பார்க்க வருகிறது. நீ வந்து என் பக்கத்தில் நில்லேன்.

உன் அக்கா,
சொலான்ஷ்

லியோன்,
மார்ச் 6, 1970

அன்பான அக்கா,

பயந்தாங்கொள்ளி என்று உன்னைச் சும்மாவா சொன்னேன்! மூக்கு எங்கே போகும்? முகத்தில்தானே இருக்கிறது? எனக்கு நாலே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது, உனக்கும் ஆகும். ஈஸ்டர் கூட்டம் ஒயின் கடையை மொய்க்கிறது, முதலாளி என்னை அசைய விட மாட்டார். நான் வர வழியில்லை, கோபப்படாதே.

அவர்கள் வந்ததும் ஊற்றிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள். முதலில் அவர்கள் பேசட்டும். ஒருவன் செர்ரி என்றால் நீயும் தலையாட்டு. யாராவது உன்னையே கேட்டால் புருவத்தைச் சுருக்கி, "இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்" என்று சொல். எந்தப் பீப்பாய்க்கும் அது பொருந்தும். மறுபேச்சு வராது, என்னை நம்பு.

அத்தானுக்கு முத்தங்கள்.

உன் எமெரிக்

பர்கண்டி,
மார்ச் 15, 1970

தம்பி,

நேற்று வந்தார்கள், போனார்கள். நீ சொன்னபடியே செய்தேன், நன்றாகத்தான் போனது. கடைசியில் மூலைப் பீப்பாய்க்கு வந்தோம். ஊற்றினேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கோப்பையை என்னிடமே நீட்டினார்.

"நீங்க சொல்லுங்கம்மா, எப்படி இருக்கு?"

குடித்தேன். புளிப்பும் துவர்ப்பும் மட்டும் நாக்கில் நின்றன. "இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்," என்றேன்.

"பொறுக்கலாம், பொறுக்கலாம். ஆனா குதிரையை முதல்ல அவுத்து வெளியே விட்டுடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்தேன், மடச்சி! அவர்கள் வண்டி ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கெட்டுப்போகிற ஒயினில்தானே குதிரை லாயத்து நாற்றம் வரும்?

இன்னும் கேள். நம் வழக்கப்படி எல்லார் கோப்பையிலும் மிஞ்சியதை அந்தந்தப் பீப்பாயிலேயே திரும்ப ஊற்றினேன். ஒயினை உறிஞ்சி எடுக்கிற ஒரே கண்ணாடிக் குழலைத்தான் கழுவாமல் எல்லாவற்றிலும் விட்டு எடுத்தேன். முதல் சுற்றுக்கு வராத இருவர் மறுபடி முதலிலிருந்து கேட்டார்கள், மூலையிலிருந்து அதே குழலோடு அங்கே போனேன். அந்தக் கெடுதல் எதிலெல்லாம் தொற்றியிருக்குமோ! சோறு இறங்கவில்லையடா.

பீப்பாய்க்கு ஒன்றாக ஆறு சின்னப் புட்டிகளை எண் போட்டு ரயிலில் அனுப்பியிருக்கிறேன். முகர்ந்து பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுது. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

சொலான்ஷ்

லியோன்,
மார்ச் 20, 1970

அன்பு அக்கா,

புட்டிகள் பத்திரமாக வந்தன. அமைதியாக உட்கார்ந்து ஆறையும் பார்த்தேன். குதிரையும் இல்லை, கழுதையும் இல்லை! அந்தப் பெல்ஜியக் கிழவருக்குத்தான் மூக்கில் கோளாறு. எல்லாம் சுத்தம். அதிலும் மூன்றாவது அருமை, கறுத்த செர்ரி வாசம், கொஞ்சம் மழை மண். கண்ணை மூடிக்கொண்டு ஆறையும் கலந்து அடைத்துவிடு. வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கு.

உன் எமெரிக்

பர்கண்டி,
மார்ச் 24, 1970

என் தம்பி,

எனக்கு ஆறுதல் சொல்வதற்காக நீ பொய் சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அதனால் மூன்றாம் புட்டியில் உன் அத்தான் சவரம் செய்துவிட்டுப் பூசுகிற சென்ட்டில் நாலைந்து சொட்டு விட்டு அனுப்பினேன். தக்கையைத் திறந்த உடனே தெருவுக்கே மணத்திருக்கும்.

உன் பதிலைப் படித்ததும் கசக்கி எறிந்தேன். புட்டியைத் திறக்கக்கூட இவனுக்கு நேரமில்லையா, அக்கா என்றால் அவ்வளவு இளப்பமா என்று லூசியான் முன்னாலேயே அழுதுவிட்டேன். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பதறவே இல்லை. ஒயினில் நல்லது கெட்டது தனக்குப் பிடிபடாது என்று சொல்லி, நேரே எழுந்து போய் அடுத்த திராட்சைத் தோட்டத்து பெர்த்திலைக் கூட்டிவந்தார். ஆமாம், வாய்க்கால் சண்டைக்குப் பிறகு நம்மோடு பேசாதவள்தான். வந்தவள் குத்திக்காட்டி ஒரு சொல் சொல்லவில்லை. பீப்பாய் பீப்பாயாக முகர்ந்தாள்.

"மூலையில இருக்கிறதும் முதல்ல இருக்கிறதும் போச்சு, சொலான்ஷ். சாராயம் காய்ச்சுறவனுக்குக் கொடுத்துடு. மத்த நாலும் நல்லா இருக்கு, ஈஸ்டர் வரைக்கும் நான் தினமும் வந்து பார்க்கிறேன்."

நீ சொன்னபடி ஆறையும் கலந்திருந்தால்? வருடமே பாழாகியிருக்கும்.

இரண்டு நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். பிறகு நிதானமாக யோசித்தேன். நீயா சும்மா இருப்பாய்? சென்ட் வாடை மட்டும் உனக்குத் தெரிந்திருந்தால், "என்னக்கா, இது ஒயினா, முடிதிருத்தும் கடையா?" என்று சாகிற வரைக்கும் என்னைக் கிண்டல் செய்திருப்பாயே. கிண்டல் செய்யவில்லை. அப்படியானால் நீ புட்டியைத் திறந்தாய், முகர்ந்தாய், உனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

நாலு நாளில் சரியாகிவிட்டது என்று எழுதினாயே, பாவி. அந்த மூக்கை வைத்துக்கொண்டா தினமும் அத்தனை பேர் முன்னால் நின்று இதை வாங்குங்கள், அதை வாங்குங்கள் என்கிறாய்? உன் முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ என்று இப்போது எனக்கு உன்னை நினைத்துத்தான் தூக்கம் போயிற்று.

எனக்காவது சொல்லி அழ நீ இருந்தாய். நீ இவ்வளவு நாளும் தனியாக எப்படிடா தாங்கினாய்?

உன் அக்கா,
சொலான்ஷ்